மூக்குக்குள் போன தங்கப்பல்

பசை காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் விமானம் ஒட்ட வரக் கூடாது. பொறுமை உள்ளவர்களும் வரக் கூடாது. அவர்களுக்கு வீட்டில் உருப்படியான வேலை எவ்வளவோ இருக்கும். இரண்டிலும் சேராத ஒரு ரகம் உண்டு. காய்ந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்தில் விரல் ரேகையைப் பதித்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கையிலும் பசை இருந்ததை அப்புறம் கண்டுபிடிக்கிற ரகம். மெழுகு அந்த ரகத்தில் முதல் வரிசை.

மெழுகு என்பது விமானம் ஒட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சங்கத்தார் அவளுக்கு வைத்த பெயர். வாரத்தில் ஆறு நாள் அவள் பல் கட்டுகிறவள். அவளுடைய நாத்தனார் பல் டாக்டர். முன்னறையில் அவர் வாயைத் திறக்கச் சொல்வார். பின்னறையில் இவள் அந்த வாய்க்கு வேண்டிய செட்டுப் பல், பல்லின் மேல் மாட்டும் கேப் எல்லாம் செய்து கொடுப்பாள். கேப் சின்ன சாமான், உருண்டு ஓடிவிடும். அதனால் செய்து முடித்ததும் பிங்க் நிற மெழுகில் பொதிந்து உருண்டையாக்கித்தான் நாத்தனாரிடம் நீட்டுவாள். அவள் கையிலும் துணியிலும் எப்போதும் அந்த மெழுகு வாசனை.

ஏழாவது நாள் விமானம். அதுவும் பழைய போர்க்கால விமானங்கள், அதிலும் ஐம்பது வருஷத்துக்கு முந்தின எளிய பெட்டிகள். இப்போது வரும் பெட்டிகளில் நானூறு பாகம். விமானியின் இடுப்பு பெல்ட் மட்டும் ஆறு துண்டு. அதெல்லாம் உத்தியோகம். பழைய பெட்டிதான் விளையாட்டு. இரண்டு பாதி உடம்பு, இரண்டு இறக்கை, கழுத்தே இல்லாத ஒரு விமானி, சோடா பாட்டிலின் அடிப்பக்கம் போல ஒரு தடிமனான கண்ணாடி மூடி. ஒட்டினோமா, கையில் தூக்கி வாயால் உறுமினோமா என்று இருக்கும்.

போன மாதம் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. ஒரு டீச்சரம்மாவுக்கு முன்பல் கேப் செய்து கொடுத்திருந்தாள். நாத்தனார் அதைப் பொருத்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, சிரிக்கச் சொன்னார். டீச்சரம்மா சிரித்தார். பல்லின் ஓரத்தில் கடுகளவு கரும்பச்சை. முந்தின நாள் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் முதுகுக்கு அடித்த பெயின்ட்.

நாத்தனார் கத்தியிருந்தால் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். அவர் கத்துகிற ஆளில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"இதோ பாரும்மா. இனிமே என் கிளினிக்ல ஒரே ஒரு பல்லுக்கு நடுவுல உன் ஏரோப்ளேன் வந்துச்சுன்னு வையி, அன்னிக்கோட சரி. அதுக்கப்புறம் உன் மேஜையில ஒரு ப்ளேன் இருக்கக் கூடாது. சரின்னு சொல்லு."

"சரி அண்ணி."

சரி என்று சொல்லிவிட்டாளே தவிர, அந்த மேஜை போனால் எல்லாம் போயிற்று. வீடு ஒன்றரை அறை. அதில் அரை அறையை லிப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரரின் கம்பிகளும் கப்பிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. நல்ல விளக்கு, பூதக்கண்ணாடி, நூலளவு அரம், பசை நாற்றத்தை வெளியே தள்ளும் விசிறி எல்லாம் பல் மேஜையில்தான் இருந்தன. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கிடைத்த கால் மணி நேரங்களில்தான் அவள் பதினோரு வருஷமாக ஒரு விமானப்படையை நடத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு தப்பு நடந்தால் அந்தப் படை கலைந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் சங்கத்தின் வருஷப் போட்டி வந்தது.

சங்கம் கூடுவது நூலகத்தின் மாடியறையில். தலைவர் ஓய்வு பெற்ற கடிகார ரிப்பேர்காரர். சட்டைப் பையில் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் செருகியிருக்கும், அதனால் அடிஸ்கேல் ஐயா. இறக்கை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் "இது பறக்காது, படுக்கும்" என்று சொல்லிவிடுவார். சமீபத்தில் அவருக்குக் கடைவாயில் ஒரு பல் போய்விட்டதால், கறாராக ஏதாவது சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு மெல்லிய விசில் வந்தது. தீர்ப்புக்குப் பின்னணி இசை என்று சங்கத்து ரொட்டிக்கடைக்காரர் சொல்வார்.

அந்தப் பல்லுக்கு மாற்றுப் பல் கட்டியதே நம் மெழுகுதான். பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்காரும்படி தங்கத்தில், சங்கத் தலைவருக்கு என்பதால் மூன்று நாள் இழைத்து இழைத்துச் செய்தாள். தங்கம் அவருடையது. "விரல்ல ஏறாத மோதிரம், வாயிலயாவது ஏறட்டும்" என்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். திங்கள்கிழமை அவர் தன் மகளின் ஊருக்குப் போகிறார் என்பதால், ஞாயிற்றுக்கிழமையானாலும் சாயந்திரம் நாலு மணிக்குக் கிளினிக்கைத் திறந்து பொருத்திவிடுவதாக நாத்தனார் சொல்லியிருந்தார்.

போட்டிக்கு ஒரே மாதிரியான பத்துப் பெட்டிகள் கிடைத்திருந்தன. இரட்டை வால் சண்டை விமானம். இரண்டு என்ஜினுக்கும் பின்னால் நீளமாக இரண்டு வால், நடுவில் குட்டியாக ஒரு முட்டை. அந்த முட்டைக்குள் விமானி. முப்பத்தொரு பாகம். உடம்பில் ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் வேர்க்குரு அளவுக்குப் புடைத்திருக்கும். ஒன்பது பேருக்கு ஒன்பது பெட்டி. பத்தாவது பெட்டி பிரிக்காமல் பரிசு. காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் ஒட்டி முடிக்க வேண்டும். பெயின்ட் கிடையாது. பெட்டியில் இருப்பதைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது, எடை ஒன்றைத் தவிர.

அந்த எடையில்தான் இருக்கிறது சமாசாரம். இந்த விமானம் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், இறக்கைக்குக் கீழே இரண்டு சக்கரம் என்று நிற்க வேண்டியது. ஆனால் வால் கனம். மூக்குக்குள் எடை வைக்காவிட்டால், முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாக அப்படியே உட்கார்ந்துவிடும். விளக்கத் தாளில் நாலாவது படத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'இங்கே எடை வைக்கவும்' என்று எழுதியிருந்தது. எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்தப் புண்ணியவானுக்குச் சங்கத்தில் வாழ்த்து விழாத வாரமே இல்லை. மூக்கோ கட்டைவிரல் நுனி அளவு. ஆணி, திருகு, சைக்கிள் பால்ரஸ் குண்டு என்று எதை அடைத்தாலும் இடம் தீர்ந்துபோகும், எடை பத்தாது. சங்கத்தில் இதுவரை எவரும் இந்த விமானத்தை மூன்று சக்கரத்தில் நிற்க வைத்தது கிடையாது.

மெழுகு எடைகளை முன்கூட்டியே தயார் செய்திருந்தாள். பல் கட்டியதில் மிஞ்சும் உலோகப் பொடிசுகளைச் சேர்த்து, உள்ளே கலகலவென்று ஆடாமலிருக்கப் பிங்க் மெழுகில் பொதிந்து, உருண்டை உருண்டையாக ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஐந்து உருண்டை. ஞாயிறு காலையில் திறந்தபோது ஆறு இருந்தது. கூடத்தானே இருக்கிறது, குறைந்தால் அல்லவா கவலை என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவள் கை என்னமாய் ஓடியது தெரியுமா. பத்து மணிக்கு மணி அடித்ததும் பாகங்கள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கத்தரித்து, பிசிறைச் சீவி, பதினொன்றுக்கெல்லாம் வால் இரண்டையும் முடித்துவிட்டாள். நேரம் பார்க்க உட்கார்த்தி வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மேஜையில் ரொட்டிக்கடைக்காரர் விமானியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "டைவ் அடிக்கிறான், விடுங்க" என்றார். தையல்காரர் இரண்டு இடது இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்று, ஒன்றைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தபின்தான் அது வலது இறக்கை என்று தெளிந்தார்.

மூக்குக்கு எடை வைக்கும் நேரம் வந்தது. மெழுகு டப்பாவிலிருந்து ஒவ்வொரு உருண்டையாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கனமோ கனம். 'என் ராசா' என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்து, அதைத்தான் முதலில் உள்ளே அமுக்கினாள். மிச்ச இடத்தில் இன்னும் இரண்டைச் சொருகி, இரண்டு பாதியையும் ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டாள்.

ஒன்றரை மணிக்குச் சக்கரங்களை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் வைத்துக் கையை எடுத்தாள்.

விமானம் நின்றது.

மூன்று சக்கரத்தில், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, 'யாரங்கே' என்று கேட்பதுபோல நின்றது. அறையில் மற்ற எட்டு விமானங்களும் வரிசையாகப் பின்பக்கத்தை ஊன்றிக்கொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. மெழுகுக்குச் சந்தோஷத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஊதிப் பார்த்தாள், ஆடவில்லை. மேஜையைத் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. ரொட்டிக்கடைக்காரர் எழுந்து வந்து, தரையில் குந்தி, சக்கரத்தின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நிக்குதுய்யா" என்றார். எட்டுப் பேரும் தங்கள் விமானத்தை விட்டுவிட்டு அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. நாத்தனார்.

"ஏம்மா, அந்தத் தங்கக் கேப் எங்க?"

"உங்ககிட்டதானே குடுத்தேன் அண்ணி, நேத்தே."

"குடுத்தே. நான் பாத்துட்டு, திரும்ப மெழுகுல சுத்தி, உன் மேஜையில ஒரு மிட்டாய் டப்பா இருந்துச்சு பாரு, பிங்க் உருண்டையா நிறைய இருந்துச்சே, அதோட போட்டு வெச்சேன். இப்ப டப்பாவையே காணோம். நாலு மணிக்கு அவர் வந்துடுவாரு."

மெழுகு டப்பாவைப் பார்த்தாள். ஆறாவது உருண்டை. ராசா. அவள் முத்தம் கொடுத்தது சங்கத் தலைவரின் கடைவாய்ப்பல்லுக்கு.

"தேடிப் பாக்கறேன் அண்ணி" என்று வைத்துவிட்டு, டப்பாவில் மிஞ்சிய மூன்று உருண்டைகளையும் பிய்த்துப் பார்த்தாள். வெறும் பொடிசு. சந்தேகமே இல்லை, பல் மூக்குக்குள்தான். தங்கமாயிற்றே, கனமாய் இல்லாமல் என்ன செய்யும். வீட்டுக்காரரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் விஷயத்தைப் போட்டாள். அவர் முகம் சிரிப்பை அடக்கி அடக்கி ஊதா நிறமாகிவிட்டது.

"சிரிக்காதீங்க. அண்ணிக்குத் தெரிஞ்சா என் மேஜை போச்சு."

"சரி, சரி. ப்ளேனைத் தூக்கிட்டுக் கிளம்பு. வயித்துவலின்னு சொல்லிடறேன்."

"மார்க் போடறதுக்கு முன்னாடி யாரும் வெளியே எடுத்துட்டுப் போகக் கூடாது. தோத்துட்டா எடுத்துட்டுப் போலாம். ஜெயிச்சாதான் கஷ்டம், ஒரு மாசம் கீழ இருக்கிற கண்ணாடி அலமாரியில வெச்சு ஐயா பூட்டிடுவாரு. சாவி அவர் இடுப்புல."

வீட்டுக்காரர் யோசித்தார். லிப்ட் நடுவழியில் நின்றால் யோசிக்கிற மாதிரி மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு யோசித்தார். "அப்ப தோத்துடு" என்றார்.

சொல்வது சுலபம். பதினோரு வருஷத்தில் எத்தனையோ போட்டியில் ஜெயிக்க ஆசைப்பட்டுத் தோற்றவள். இன்றைக்குத் தோற்க ஆசைப்பட்டாள். இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். பசையைக் கட்டைவிரலில் தடவி, கண்ணாடி மூடியின் நட்ட நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். சங்கத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ரேகை அப்படியே, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்ததுபோல் விழுந்தது. போதாதென்று, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த சின்னம் ஒட்டும் தாளை எடுத்து, இடது இறக்கையில் போட வேண்டிய நட்சத்திரத்தைக் கோணலாக வால் மேல் போட்டாள். பெற்ற பிள்ளைக்குக் கிறுக்கன் மாதிரி முடி வெட்டிவிட்டதுபோல் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

மணி அடித்தது. அடிஸ்கேல் ஐயா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்திருந்த எட்டு விமானங்களையும் எட்டு விசிலோடு தாண்டினார். மெழுகின் மேஜைக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்தவர், அதைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"கண்ணாடியில ரேகை இருக்கு ஐயா" என்று மெழுகே எடுத்துக் கொடுத்தாள்.

"பாத்தேன். நான் பன்னெண்டு வயசுல முதல் முதல்ல ஒட்டின ப்ளேன்லயும் இதே இடத்துல, இதே கட்டைவிரல். ரேகை இல்லாத பழைய ப்ளேன் ஒரு ப்ளேனா?" என்று சொல்லி, குறிப்பேட்டில் இரண்டு மார்க் கூட்டினார்.

"நட்சத்திரம் தப்பான இடத்துல இருக்கு ஐயா."

"அவசரத்துல ஒட்டியிருக்காங்க. போர்க்காலம்னா அவசரம்தானே." இன்னும் ஒரு மார்க்.

வீட்டுக்காரர் மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அடிஸ்கேல் ஐயா விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். மூக்குப் பக்கம் மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"என்ன எடை, என்ன எடை. எனக்கு என்னமோ ரொம்ப நாள் பழக்கம் மாதிரி இருக்கு இது" என்றார். அவருக்குத் தெரிந்து சொல்லவில்லை.

ஊர்வலம் மாதிரி எல்லோரும் கீழே இறங்கினார்கள். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் விமானம் போய் நின்றது. இடுப்பிலிருந்து சாவி வந்தது. "நாலு மணிக்கு எனக்குப் பல்லு வெக்கிறாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பரிசைக் குடுத்துடறேன். நாளையிலேருந்து விசில் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் துவாரத்தில் நுழைத்தார். மூன்று நாள் தன் பல்லை அவளிடம் நம்பி விட்டுவிட்டு, வாயில் ஒரு பள்ளத்தோடு அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்றதுதான் மெழுகால் தாங்க முடியாமல் போயிற்று. மேஜை போனால் போகட்டும், மனுஷனை ஏமாற்றக் கூடாது என்று தோன்றிவிட்டது.

"பூட்டாதீங்க ஐயா. உங்க பல்லு உள்ள இருக்கு."

"எங்க உள்ள?"

"மூக்குல."

அடிஸ்கேல் ஐயா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் விமானத்தின் மூக்கைப் பார்த்தார். மெழுகு டப்பாவில் ஆரம்பித்து முத்தம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். முதலில் ஒரு விசில் வந்தது. அடுத்து இன்னொன்று. அவர் சிரிக்கிறார் என்று எல்லோருக்கும் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ரொட்டிக்கடைக்காரர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தையல்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், வீட்டுக்காரர் ஒரு மணி நேரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"நடங்க கிளினிக்குக்கு. நோயாளியை நான் தூக்கிட்டு வரேன்" என்றார் அடிஸ்கேல் ஐயா.

பட்டப்பகலில், நடுத்தெருவில், ஒரு பெரியவர் சாம்பல் நிற விமானத்தைக் கைக்குட்டைமேல் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர் சிரித்துக்கொண்டே போனார்கள். பரிசுப் பெட்டி தையல்காரர் அக்குளில். குறுக்கே வந்த ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிட்டார். மெழுகு மட்டும் கடைசியில், தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

நாத்தனார் கிளினிக் வாசலில் நின்றிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார்.

"கேப் கிடைச்சுதா?"

"கிடைச்சுது அண்ணி. இதுக்குள்ள இருக்கு." மெழுகு விமானத்தைக் காட்டினாள். "நீங்க போட்ட டப்பா, நான் எடைக்கு வெச்சிருந்த டப்பா."

நாத்தனாரின் வாய் ஏதோ சொல்லத் திறந்து, அப்படியே நின்றது. அடுத்தவர் வாயையே திறக்க வைத்துப் பழக்கப்பட்டவர். தன் வாயை மூடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிங்க் உருண்டை எல்லாம் பல்தானே என்று போட்டவர் அவர்தான். அது அவருக்கும் தெரிந்தது, மெழுகுக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் சொல்லவில்லை.

"சரி. சேர்ல படுக்க வை" என்றார் கடைசியில்.

பல் நாற்காலியில் துண்டு விரித்து விமானத்தைப் படுக்க வைத்தார்கள். விளக்கு எரிந்தது. பத்துத் தலைகள் சுற்றிலும் நீண்டன. "சொந்தக்காரங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்றார் நாத்தனார். யாரும் நகரவில்லை.

மூக்கைத் திருப்பிப் பார்த்தார். "மேல ஓட்டை போட்டா அசிங்கமாத் தெரியும். கீழ, சக்கரத்து வழியாப் போலாம்" என்று சொல்லி, பல் பிடுங்கும் குறட்டால் முன்சக்கரத்தை மெல்ல ஆட்டி, ஒரு திருகு திருகிப் பிடுங்கினார். வேர் முறியாமல் வந்துவிட்டது. தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் டிரில் சுழன்றது.

"மெதுவா அண்ணி. வேகமாப் போனா பிளாஸ்டிக் உருகிடும்."

"யாருக்கு யார் சொல்றது" என்று நாத்தனார் முறைத்தார். ஆனால் வேகத்தைக் குறைத்தார்.

பத்து நிமிஷத்தில் துவாரத்தின் ஓரத்தில் பிங்க் தெரிந்தது. கொக்கியை விட்டு இழுத்தார். உருண்டை வெளியே வந்தது. மெழுகைப் பிய்த்தால், கீறல் இல்லாமல், பளபளவென்று தங்கப்பல். அதைக் கழுவி, அடிஸ்கேல் ஐயாவைப் பக்கத்து ஸ்டூலிலேயே உட்காரவைத்து, தான் நின்ற வாக்கில் பொருத்தி, கடிக்கச் சொன்னார். கடித்தார். "சரியா இருக்கு" என்றார். விசில் இல்லை. எல்லோருக்கும் ஏனோ கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று கலைந்திருக்க வேண்டியதுதான். ஆனால் நாத்தனார் சக்கரத்தைத் திரும்ப நட்டு, விமானத்தைத் தட்டில் வைத்தார். அது பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"இதென்ன, இப்படி உக்காருது?"

"எடை போயிடுச்சு அண்ணி. அப்படித்தான் இருக்கும். விடுங்க."

"விடறதா? என் சேர்ல படுத்து எழுந்திரிச்சது எதுவும் இப்படிக் கோணையாப் போகக் கூடாது."

சக்கரத்தை மறுபடி பிடுங்கினார். பல் அடைக்கும் வெள்ளைச் சிமென்டை வைத்து அடைத்தார். எடை பத்தவில்லை, உட்கார்ந்தது. நோண்டி எடுத்தார். அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து, இப்போதெல்லாம் யாருக்கும் வைக்காத பழைய வெள்ளி அடைப்பைத் தேடிப்பிடித்தார். குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூக்குக்குள் திணித்து, சந்து விடாமல் அழுத்தினார். வைத்துப் பார்ப்பார், உட்காரும். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு திணி. முகத்தில் மாஸ்க் இறங்கிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாம் தரம் வைத்துக் கையை எடுத்தபோது, விமானம் ஒரு கணம் யோசித்துவிட்டு, முன்பக்கம் சாய்ந்து, மூன்று சக்கரத்தில் நின்றது.

கிளினிக்கே கைதட்டியது. நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ ஞாபகத்தில் ஊதிப் பார்த்தார். ஆடவில்லை. தட்டைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

அடிஸ்கேல் ஐயா தொண்டையைச் செருமினார். "ரெண்டு மணிக்கு மேல கை வெச்ச ப்ளேன் போட்டியில கிடையாது. சட்டம் சட்டம்தான். மெழுகுக்குப் பரிசு இல்ல. மத்தது எட்டும் உக்காந்துடுச்சு, அதுங்களுக்கும் இல்ல. இதை நிக்க வெச்சது டாக்டரம்மா." தையல்காரர் அக்குளிலிருந்து பத்தாவது பெட்டியை உருவி நாத்தனாரிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்கு இது" என்றார் நாத்தனார். ஆனால் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபின், விளக்கை அணைத்துக்கொண்டே சொன்னார்: "நான் போன மாசம் ஒண்ணு சொன்னேன், நீயும் சரின்னே. ஞாபகம் இருக்கில்ல? நாளைக்குக் காலையில உன் மேஜையில ஒரு ப்ளேன் இருக்கக் கூடாது."

டப்பாவில் போட்டது நீங்கள்தானே என்று கேட்க மெழுகுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். "சரி அண்ணி" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அழுதாள். வீட்டுக்காரர் தன் கப்பிகளை எல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, சமையல் அறை ஜன்னலோரம் ஒரு முழ இடத்தைக் கையால் அளந்து அளந்து காட்டினார். அதில் ஒரு இறக்கை வைக்கலாம்; இன்னொரு இறக்கைக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும்.

திங்கள்கிழமை காலை, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மேஜையைக் காலி செய்ய சீக்கிரமே கிளினிக்குக்குப் போனாள். பின்பக்கமாக வந்து பின்னறைக் கதவைத் திறந்தாள். மேஜை ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தது. ஒரு விமானம் இல்லை, ஒரு பெட்டி இல்லை, பசைக் குப்பிகூட இல்லை. குப்பையில் போட்டுவிட்டாரா என்று முன்னறைக்கு ஓடினாள்.

அவளுடைய விமானப்படை முழுவதும் டாக்டர் மேஜையில், ஜன்னல் திட்டில், மருந்து அலமாரியின் தலையில் அணிவகுத்து நின்றது. நடுவில் நாத்தனார் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். முன்னால் பத்தாவது பெட்டி பிரிந்து கிடந்தது.

"உன் மேஜையிலதானே இருக்கக் கூடாதுன்னேன். என் மேஜையில இருந்தா என்ன? என் கண்ணு முன்னால இருந்தாத்தான் பல்லும் ப்ளேனும் கலக்காம இருக்கும்" என்றார் நிமிராமலே. "கதவைச் சாத்து. இந்தத் தாள்ல எடை எவ்வளவுன்னே போடலையே, எந்த மடையன் எழுதினான் இதை?"

மெழுகு கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனார் சட்டென்று எதையோ உள்ளங்கையால் மூடினார். மெழுகு அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே விமானத்தின் கண்ணாடி மூடி. நட்ட நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார் நாத்தனார்.